சோக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த காற்று: ஒரு 1995 மாருதி 800

வண்டி 1995 மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க டேஷ்போர்டில் கையால் இழுக்கும் சோக். ஏசி இல்லை, பிரேக் பூஸ்டரும் இல்லை. மீட்டரில் ஒரு லட்சத்து நாலாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. நடுவில் மீட்டர் கேபிள் எத்தனை மாதம் அறுந்து கிடந்தது என்று ஓனருக்கே நினைவில்லை என்பதால் அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. ஓனர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோவையில் இருகூர் பக்கம் வீடு. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்து, புகைச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் வண்டி ஃபெயில் ஆகிவிட்டது. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"காலைல எடுத்தா தங்கமா ஓடுது தம்பி. பத்து நிமிஷம் ஓடி சூடாச்சுன்னா போதும், சிக்னல்ல நின்னா அணைஞ்சிருது. ரோட்டுல போறப்ப ஒண்ணுமே தெரியாது."

இதில் 'சூடாச்சுன்னா' என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றியது. என்னையும்தான்.

எட்டு மாதமாக இதே கதை. இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவி, புது கிட் போட்டிருக்கிறார்கள். பிளக், பிளக் ஒயர், பாயின்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் எல்லாம் புதிது. கடைசியாகப் பார்த்தவர், கார்புரேட்டரே தேய்ந்துவிட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நடுவில் ஒருவர் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றாராம். மைலேஜும் பதினைந்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

முதல் நாள் நான் செய்த தவறு

சூடானால் வரும் கோளாறு என்றதும் கை தானாகவே, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் பக்கம் போகும். காயிலுக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் பழசாகிவிட்டால், சூடேறும்போது தீப்பொறி பலவீனமாகும். குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். எட்டு மாதத்தில் மாற்றாமல் விட்ட ஒரே இக்னிஷன் சாமான் அதுதான். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை. புதுக் காயில் மாட்டி, இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி வாத்தியாரோடு நானும் ஏறிக்கொண்டேன். முதல் ரயில்வே கேட்டில் வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எட்டு மாதப் பழக்கத்தில் சோக்கை ஒரு விரல் அளவு இழுத்து ஸ்டார்ட் செய்தார். வண்டி அடங்கி அழகாக ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்றாகச் சூடான இஞ்சினுக்குச் சோக் போட்டால் பெட்ரோல் மிகுந்து கறுப்புப் புகை கக்கி முரண்டு பிடிக்க வேண்டும். இது சோக் போட்டதும் குணமாகிறதே! காயிலோ பாயின்ட்டோ கெட்டிருந்தால் சோக் அதைக் குணப்படுத்தாது. இஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று கணக்குக்கு மேல் போகிறது.

"ஐயா, காலைல கிளம்பினா சோக்கை எங்க வந்து உள்ள தள்ளுவீங்க?"

"ஒண்டிப்புதூர் பாலம் ஏறி இறங்கினதும் தள்ளுவேன். பழைய வண்டியாச்சே, கொஞ்சம் சூடாகட்டும்னு விடுவேன்."

"அணைய ஆரம்பிக்கிறது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பாலம் தாண்டி வர்ற சிக்னல்லதான்."

ஆக, பத்து நிமிடக் கணக்கும் சூடும் வெறும் தோற்றம். கோளாறு காலையிலேயே இருக்கிறது. சோக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலும், சோக்கோடு சேர்ந்து உயரும் ஐட்லிங்கும் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்) அதை மூடி வைத்திருக்கின்றன. மறுநாள் காலை, இரண்டு நிமிடம் ஓடியதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளிவிட்டு வரச் சொன்னேன். பாலம் ஏறுவதற்கு முன்னாலேயே இரண்டு முறை அணைந்தது என்று போனில் சொன்னார். அணைந்ததை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

எந்தச் சிலிண்டர்?

கலவையில் காற்று கூடிவிட்டது என்று தெரிந்தது. அது கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஐடில் ஜெட் அடைத்துக்கொண்டதாலா, அல்லது கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைவதாலா என்பதுதான் அடுத்த கேள்வி. ஐட்லிங்கில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இழுக்க, உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லாததால், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் பலமான வெற்றிடம் உண்டாகிறது. அந்த நேரத்தில் அதன் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் ஒரு விரிசல் இருந்தால் வெளிக்காற்று அதன் வழியாகச் சீறிக்கொண்டு உள்ளே போகும். அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாக வராததால் அதற்கு உரிய பெட்ரோலும் வராது. இதைத்தான் பட்டறையில் 'ஏர் எடுக்குது' என்போம்.

மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாகப் பழைய துணிமேல் வைத்தேன். ஒன்றாம் சிலிண்டர் பிளக்கும் இரண்டாம் சிலிண்டர் பிளக்கும் அடுப்புச் சட்டியின் அடி மாதிரிக் கரி பிடித்து, தொட்டால் விரலில் ஒட்டியது. மூன்றாவது மட்டும் வெளுத்துப்போய், பீங்கான் சுண்ணாம்பு பூசிய சுவர் போல இருந்தது. மூன்றும் ஒரே கார்புரேட்டரிலிருந்துதான் குடிக்கின்றன. பெட்ரோல் கெட்டிருந்தாலும், ஜெட் அடைத்திருந்தாலும், கார்புரேட்டர் அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருந்தாலும் மூன்றும் ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும். எத்தனால்மேல் பழி போட்டவரின் வாதம் இங்கே விழுந்துவிட்டது. எத்தனால் கலவையை ஓரளவு மெலியவைக்கும் என்பதும், கார்புரேட்டரால் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் எத்தனாலுக்கு மூன்றாம் சிலிண்டர் மேல் மட்டும் என்ன விரோதம்?

ஒன்றும் இரண்டும் ஏன் கறுத்தன என்பதற்கும் பதில் கிடைத்தது. கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும், கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகி எண்ணிப் பார்த்தேன். வழக்கமாக இரண்டிலிருந்து மூன்று சுற்று வெளியே இருக்கும். இது ஐந்தரைச் சுற்று. வண்டி அணைகிறது என்று வந்தபோதெல்லாம் ஆளாளுக்கு அரைச் சுற்று, ஒரு சுற்று என்று பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். ஒருவேளை ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக ஓடியிருக்கும். பசித்தவன் மூன்றாவது சிலிண்டர். அவனுக்காகப் போட்ட சோற்றை மற்ற இரண்டும் சேர்ந்து தின்று அஜீரணத்தில் கிடந்தன. மைலேஜ் போன வழி இதுதான்.

வாத்தியார் கொண்டுவந்த புகைத் தாளை அப்புறம்தான் விரித்துப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 4.1 சதவீதம், எச்.சி. (ஹைட்ரோகார்பன்) 1,900 பிபிஎம். இந்த வயதுப் பெட்ரோல் காருக்கு உச்ச வரம்பு 3 சதவீதமும் 1,500 பிபிஎம்மும். சி.ஓ. ஏறினால் பெட்ரோல் மிகுதி. எச்.சி. ஏறினால் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாகப் போகிறது, அதாவது எங்கோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. பெட்ரோல் பொதுவாக மிகுந்த வண்டியில் இரண்டுமே ஏறலாம். ஆனால் சோக் போட்டால் குணமாகிற வண்டியில் சி.ஓ. நாலைத் தாண்டுகிறது என்றால், ஒரே இஞ்சினுக்குள் ஒரு பக்கம் விருந்து, இன்னொரு பக்கம் பட்டினி. பிளக்குகள் சொன்னதையே அந்தத் தாளும் சொன்னது.

உறுதிசெய்ய, ஐட்லிங்கில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எர்த் செய்து, அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி போகாமல் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றை எடுத்தால் இஞ்சின் நொண்டியது, இரண்டை எடுத்தாலும் அப்படியே. மூன்றை எடுத்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஆக்ஸிலேட்டரை ஏற்றி 2,000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு மூன்றை எடுத்தேன். இஞ்சின் உடனே தளர்ந்தது. மெதுவாக ஓடும்போது செத்துக் கிடப்பது, வேகத்தில் உயிர் பெறுகிறது. வால்வு எரிந்திருந்தாலும் ஐட்லிங்கில் இப்படி நடக்கலாம் என்பதால் கம்ப்ரஷனும் பார்த்தேன்: 12, 12, 11.5 கிலோ. வால்வு இடைவெளி (கேப்) சரி. டைமிங் குறியும் சரி.

ஒரு சின்னக் கணக்கு

வேகத்தில் ஏன் தெரிவதில்லை என்று வாத்தியார் கேட்டார். கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொன்னேன், குத்துமதிப்பாகத்தான். 850 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் நிமிடத்துக்கு 425 முறை தன் 796 சிசியை நிரப்புகிறது. முழுதாக நிரம்பினால் 338 லிட்டர். த்ராட்டில் மூடியிருப்பதால் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். சுமார் 110 லிட்டர் காற்று, சிலிண்டருக்கு 37 லிட்டர் மாதிரி. ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அந்த வெற்றிடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் உள்ளே இழுக்கும். மூன்று சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் ஓட்டை இருந்தால் அந்த 15 லிட்டர் பங்காகிப் போகும். ஒரு சிலிண்டரின் வாசலிலேயே இருந்தால்? அதில் பெரும்பகுதியை அந்த ஒருவனே விழுங்க வேண்டும். சரியாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இவனுக்கு அது இருபது பக்கம் போய்விடுகிறது. ஐட்லிங்கில் அவ்வளவு மெலிந்த கலவை தீப்பற்றாது.

அதே இஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஓடும்போது ஆயிரம் லிட்டருக்கு மேல் குடிக்கிறது. த்ராட்டில் திறந்ததும் வெற்றிடமும் குறைவதால் ஓட்டை இழுப்பதும் குறைகிறது. ஆற்று வெள்ளத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய மாதிரி, அது எங்கே தெரியப்போகிறது?

மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வாக்கூம் கேஜ் மாட்டியபோது முள் ஒரே இடத்தில் நிற்காமல் 16 அங்குலத்திலிருந்து (பாதரச அளவு) 13க்கு வெட்டி வெட்டி இறங்கியது. கடல் மட்டத்தில் நல்ல இஞ்சின் 18 முதல் 21 வரை காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒரு அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சுமார் 17க்குக் குறையாமல் இங்கே எதிர்பார்க்கலாம். பொதுவான லீக் என்றால் முள் தாழ்ந்தாலும் அசையாமல் நிற்கும். ஒரே தாளத்தில் வெட்டினால் ஒரு சிலிண்டர் மட்டும் என்று பொருள்.

ஓட்டை எங்கே

மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் குழாயில்தான் என்று தெரிந்தபின் வேலை பாதி முடிந்த மாதிரி என்று நினைத்தேன். இல்லை. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை மேனிஃபோல்டும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டும் சேரும் இடத்தில் அடித்தேன். ஓட்டை இருந்தால் ஸ்ப்ரே உள்ளே இழுபட்டு ஆர்பிஎம் மாற வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் தாராளமாக அடித்ததும் இஞ்சின் சத்தம் மாறியது. பட்டறைப் பையன் "அண்ணா, சிக்கிருச்சு!" என்று கத்தினான். ஏர் கிளீனர் மூக்கை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு மறுபடி அடித்தால் மாற்றமே இல்லை. ஸ்ப்ரே ஆவி மூக்கு வழியாகப் போனதைத்தான் லீக் என்று கொண்டாடினோம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அந்த ஸ்ப்ரேயை மேலும் மேலும் அடிக்க எனக்கு மனமும் இல்லை. பட்டறையில் ஒருமுறை குப்பென்று பிடித்ததைப் பார்த்தவன் நான்.

அரை மீட்டர் பெட்ரோல் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினேன். டாப்பெட் சத்தம், பெல்ட் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில், மூன்றாவது குழாயின் அடிப்பக்கம் போனபோது மட்டும் பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது. அந்த இடம் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஸ்ப்ரேயும் அங்கே போய்ச் சேராது. துணிக்கு இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் ஒரு வளைந்த குழாயைச் செருகி, அடியிலிருந்து வெறும் தண்ணீரைப் பீய்ச்சினேன். சீறல் நின்றது. மிஸ் நின்றது. எண்ணி நாலு விநாடி அந்த இஞ்சின் மூன்று காலிலும் நின்று ஓடியது. தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் பழையபடி நொண்டியது. மறுபடி பீய்ச்சினேன், மறுபடி நாலு விநாடி. வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாட்டிலை வாங்கித் தானே இரண்டு முறை அடித்துப் பார்த்தார்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் புகை மெஷின் இருக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டு, மேனிஃபோல்டுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டால் ஓட்டையிலிருந்து புகை தானே வெளியே வரும். அது இருந்தால் இந்த வேலை பத்து நிமிடம். என்னிடம் இல்லை.

இஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாசலின் கீழ் நட்டைச் சுற்றிச் சிவப்பு சிலிகான் பிதுங்கி நின்றது. நட்டில் ஸ்பேனர் போட்டால் இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. நட்டு மாட்டும் மரைக் கம்பியான ஸ்டட்டோடு சேர்ந்து சும்மா சுற்றியது. அலுமினிய ஹெட்டில் மரை போயிருந்தது.

"ஐயா, ஹெட்டு எப்பவாவது கழட்டினாங்களா?"

இரண்டு வருடத்துக்கு முன் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து வண்டி ஓவர் ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கெட் மாற்றியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் வண்டி நன்றாக ஓடியதால் இதையும் அதையும் அவர் சேர்த்தே பார்க்கவில்லை. பிடியில்லாத இடத்தைச் சிலிகான் பேஸ்ட் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெட்ரோல் படும் இடத்தில் அது நிலைக்காது. ஊறி, மெத்தென்று ஆகி, கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டுவிடும்.

வேலை

மேனிஃபோல்டைக் கழற்றியபோது மூன்றாவது வாசல் கேஸ்கெட்டின் கீழ் ஓரம் பெட்ரோல் கறையோடு இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டதில் மேனிஃபோல்டு முகமும் அந்த முனையில் 0.15 மில்லிமீட்டர் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் எமரித் தாள் விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்தினோம். முக்கால் மணி நேரம் பையனுக்கு நல்ல உடற்பயிற்சி. ஹெட்டில் போன மரைக்கு லேத்காரரைக் கூட்டிவந்து ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக இறக்கும் கம்பிச் சுருள்) போட்டுப் புது ஸ்டட் இறக்கினோம். பெரிய சைஸ் மரை வெட்டிவிடலாமே என்று அவர் சொன்னார். அந்த இடத்தில் அலுமினியம் மெலிசு, நான் ஒப்புக்கொள்ளவில்லை. புதுக் கேஸ்கெட் வெறுமனே, பேஸ்ட் எதுவும் இல்லாமல். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் இறுக்கினேன்.

இவ்வளவும் முடிந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி கறுப்புப் புகையைக் கக்கியது. பையன் முகம் விழுந்துவிட்டது. மிக்ஸர் ஸ்க்ரூ இன்னும் ஐந்தரைச் சுற்றில்தானே இருக்கிறது! அதை மெதுவாக உள்ளே அடிவரை திருகி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து, கேஜ் முள் உச்சத்துக்கு வரும்வரை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருத்தினேன். ஐட்லிங் ஸ்க்ரூவையும் கீழே இறக்கி 850க்குக் கொண்டுவந்தேன். முள் 18இல் நின்றது, நடுக்கம் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் வாக்கூம் ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே டயாஃப்ரம் என்கிற சவ்வு முழுசாக இருக்கிறது என்று அதையும் சரிபார்த்து முடித்தேன்.

இஞ்செக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அடையாளங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் வண்டியில் திருட்டுக் காற்றும் கணக்கில் சேர்ந்து, அதற்குரிய பெட்ரோலும் போய்விடுவதால் ஐட்லிங் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டு நிற்கும். உள்ளே வரும் காற்றையே அளக்கும் சென்சர் உள்ள வண்டியில் ஸ்கேனர் மாட்டினால் ஃபியூவல் டிரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் மேலே போயிருக்கும், ஆர்பிஎம் ஏற்றினால் இறங்கும். பிரேக் பூஸ்டர் உள்ள எந்த வண்டியானாலும் முதலில் அந்தப் பெரிய ஹோஸைக் கிள்ளிப் பார்ப்பது நல்லது. மிதிக்கும்போது காலடியில் சீறல் கேட்டால் அங்கேயே தேடலாம்.

புகைச் சான்றிதழுக்கு மறுபடி போனபோது சி.ஓ. 1.4, எச்.சி. 320. மூன்று வாரம் கழித்து, 600 கிலோமீட்டர் ஓடியபின், பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தன. மைலேஜ் பதினைந்தைத் தொட்டுவிட்டது என்றார். சோக்கை இப்போது தெருமுனையிலேயே உள்ளே தள்ளிவிடுகிறாராம்.

பழைய காயிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதையே திரும்ப மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. புதுக் காயிலைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் போட்டு, பில்லில் அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.